தோல் கழிவு வழக்கில் நிபுணர் சாட்சியமும் குறுக்கு விசாரணையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மூன்றாகப் பிரிந்தாலும், பாலாற்றங்கரையில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவால் கிணறு கெட்டுப்போனவர்களின் சந்தேகங்கள் மூன்று மாவட்டத்திலும் ஒன்றுதான். நான் நீர் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன். கிணற்று நீரைச் சோதித்து நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவன். என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் விவசாயிகள். மீதிப் பேர் முதல் சம்மன் கைக்கு வந்ததும் தூக்கம் போன இளம் ஆசிரியர்கள். இரு தரப்புக்கும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வழக்குக்கான முடிவை உங்கள் வக்கீல்தான் சொல்ல வேண்டும். அவரிடம் போவதற்கு முன் விஷயம் தெரிந்துகொண்டு போக இது உதவும்.

"நிபுணர் சாட்சின்னா யாரு சார்? எம்.எஸ்சி. படிச்சவங்க யார் வேணா சொல்லலாமா?"

கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்பவர் சாதாரண சாட்சி. தன் துறை அறிவை வைத்து ஒரு கருத்தையும் சொல்ல அனுமதி பெற்றவர் நிபுணர். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இது 45ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தில் 39ஆம் பிரிவு. அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டம்தான்.

பட்டம் மட்டும் போதாது. இமாச்சலப் பிரதேச அரசு எதிர் ஜெய்லால் என்று ஒரு வழக்கு, 1999இல் உச்ச நீதிமன்றம் வந்தது. ஆப்பிள் தோட்டங்களில் எவ்வளவு விளையும் என்று கணித்துச் சொன்ன தோட்டக்கலை அதிகாரியின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தோட்டக்கலை படித்தவர்தான், ஆனால் விளைச்சலைக் கணிக்கும் அந்தக் குறிப்பிட்ட வேலையில் அவருக்குத் தனித்தேர்ச்சி இருந்ததாகக் காட்டப்படவில்லை. நிபுணர் முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது, அந்த முடிவை நீதிபதி தானே உரசிப் பார்க்கும் அளவுகோலையும் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எங்கள் ஆசிரியர் நண்பர்கள் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

"தண்ணி மஞ்சளா வருது, தென்னை காயுது. கண்ணுக்குத் தெரியற விஷயத்துக்கு எதுக்கு நிபுணர்?"

தண்ணீர் கெட்டது கண்ணுக்குத் தெரியும். யாரால் கெட்டது என்பது தெரியாது. வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதையும், தென்னங்கீற்றின் நுனி கருகியிருப்பதையும் நீங்களே கூண்டில் ஏறிச் சொல்லலாம். எந்த வருடத்திலிருந்து மோட்டார் தண்ணீர் கரித்தது, எப்போது நெல்லை விட்டீர்கள் என்பதை உங்களைவிட நன்றாக எந்த நிபுணரும் சொல்ல முடியாது. அந்தச் சாட்சியத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

ஆனால் அந்த உப்பு மேற்கே உள்ள டேனரியிலிருந்து வந்ததா, பாறையிலிருந்து ஊறியதா, ஊர்ச் சாக்கடையிலிருந்து இறங்கியதா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. அந்த இணைப்பைச் சொல்லத்தான் நிபுணர்.

"1996லயே சுப்ரீம் கோர்ட்டு நமக்குச் சாதகமா சொல்லிடுச்சே. மறுபடியும் நாங்க ஏன் நிரூபிக்கணும்?"

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பைத்தான் கேட்கிறீர்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாகக் கண்டறிந்தது அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும், தன் தொழிலால் கேடு இல்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்பதும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் அறிவிக்கப்பட்டது. எங்கள் மாவட்டத்தின் பெயரால் நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு.

ஆனாலும் இழப்பீடு கேட்கும்போது "என் கிணறு, என் ஏக்கர், என் நட்டம்" என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். அந்தத் தீர்ப்புக்குப் பின் அமைந்த சூழல் இழப்பு ஆணையமும் கிராமம் கிராமமாக, ஆள் ஆளாகக் கணக்கிட்டுத்தான் 2001இல் 29,193 பேருக்கு, 26 கோடியே 82 லட்சம் ரூபாய் அளவில், தொகை நிர்ணயித்தது. பொறுப்பு எதிர்த்தரப்பின் மேல் இருப்பதால் உங்கள் பக்கம் வெறுங்கையோடு போகலாம் என்று அர்த்தமில்லை.

"கேஸை எங்க போடறது? வேலூர் கோர்ட்டா, சென்னை பசுமைத் தீர்ப்பாயமா?"

2010ஆம் ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்த பிறகு, சுற்றுச்சூழல் கேட்டுக்கான இழப்பீடு, நிலத்தைச் சீர்செய்தல் ஆகியவற்றைத் தீர்ப்பாயம்தான் விசாரிக்க வேண்டும். 29ஆம் பிரிவு உரிமையியல் நீதிமன்றத்தின் கதவை அடைக்கிறது. நமக்குத் தென்மண்டல அமர்வு, சென்னை. இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு வரம்பு உண்டு, நியாயமான காரணம் இருந்தால் மேலும் அறுபது நாள். "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டு இந்த வரம்பைத் தாண்டவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்பதில்லை.

தீர்ப்பாயத்தில் சாட்சியம் பெரும்பாலும் பிரமாணப் பத்திரமாகவும் குழு அறிக்கையாகவும் போகும். 19ஆம் பிரிவின்படி சாட்சியச் சட்டத்தின் விதிகள் அதைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சாட்சியை வரவழைத்துப் பிரமாணத்தின் பேரில் விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. நேரடிக் குறுக்கு விசாரணை வேண்டுமென்றால் மனுப்போட்டுக் கேட்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குற்றவியல் நீதிமன்றத்தில் தொடுக்கும் வழக்கிலும், பழைய உரிமையியல் வழக்குகளிலும் கூண்டில் ஏறியே ஆக வேண்டும். கூண்டில் ஏறாத வழக்கிலும் அதே கேள்விகள் எழுத்தில் ஆட்சேபணையாக வரும். ஆகவே கீழே உள்ளது இரண்டு வகை வழக்குக்கும் பொருந்தும்.

"பாட்டில்ல புடிச்சுக் கொடுத்தோம், லேப் ரிப்போர்ட் கையில இருக்கு. போதாதா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நேரம் எடுத்துக்கொள்வேன். வழக்கு தோற்பது பெரும்பாலும் நீதிமன்றத்தில் அல்ல, கிணற்றடியில்.

பாதி குடித்த குளிர்பானப் பாட்டிலில் பிடித்து, பேருந்தில் எடுத்துப்போய், மூன்றாம் நாள் கொடுத்த தண்ணீரின் அறிக்கையைக் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீல் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். செய்ய வேண்டியது இது: தேங்கி நிற்கும் தண்ணீரைப் பிடிக்காமல் மோட்டாரை ஓடவிட்டு, மின்கடத்துத்திறன் மீட்டரில் அளவு ஒரே எண்ணில் நிற்கும் வரை காத்திருந்து பிடிக்க வேண்டும். சுத்தமான இரண்டு பாட்டில் வேண்டும். குரோமியம் தோல் பதனிடப் பயன்படும் உலோகம்; மொத்தக் குரோமியத்துக்கான பாட்டிலில் பிடித்த உடனே நைட்ரிக் அமிலம் விட்டு pH அளவை 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான (அதன் மிகக் கெடுதலான வடிவம்) பாட்டிலில் அந்த அமிலம் விடக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதனை முடிய வேண்டும்.

பிறகு நோட்டுப் புத்தகம். சர்வே எண், கிணற்றின் ஆழம், தண்ணீர் மட்டம், ஜி.பி.எஸ். புள்ளி, தேதி, மணி, கூட இருந்தவர் பெயர், கிணற்றுக்காரர் கையெழுத்து. பாட்டில் யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த மணிக்குப் போனது என்று ஒரு தாள். கடைசியில் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்; அந்த அங்கீகாரம் குரோமியச் சோதனைக்கும் சேர்த்துத்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா ஆய்வகத்துக்கும் எல்லாச் சோதனைக்கும் அது இருப்பதில்லை.

"வாரியம் எடுத்த சாம்பிளை ரெண்டா பிரிக்கணுமாமே, உண்மையா?"

உண்மை. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 21ஆம் பிரிவு. தொழிற்சாலைக் கழிவுநீரை வாரிய அதிகாரி சட்டப்படி மாதிரி எடுக்கும்போது, சோதிக்கப்போவதாக உரிமையாளருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, இரண்டிலும் முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். நடைமுறை தவறினால் அந்த முடிவு சாட்சியமாகவே ஏறாது. உப்பும் குரோமியமும் எவ்வளவு இருந்தாலும் சரி, முத்திரை இல்லையென்றால் தாள் வீண்.

இது தொழிற்சாலைக் கழிவுக்கு. உங்கள் கிணற்றில் நீங்களே எடுப்பதற்கு இந்தப் பிரிவு கிடையாது. ஆனால் முந்தைய பதிலில் சொன்ன ஒழுங்கு இல்லாவிட்டால் நம்பகத்தன்மை போய்விடும்.

"கோர்ட்டே கமிஷனரைப் போட்டா நமக்கு நல்லதா?"

பெரும்பாலும் நல்லது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9இல் இடத்தைப் பார்வையிட ஆணையர். விதி 10-ஏயில் அறிவியல் ஆய்வுக்கு ஆணையர். அவர் யாருடைய ஆளும் இல்லை, அவரது அறிக்கை வழக்கில் சாட்சியமாகவே சேரும். அவரையும் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம். அவர் வரும் நாளில் நீங்களும் உங்கள் நிபுணரும் கட்டாயம் உடனிருங்கள். எந்தக் கிணறு, எந்த ஓடை என்று எழுத்தில் குறிப்பு மனுவாகக் கொடுங்கள். வாயால் சொன்னது அறிக்கையில் ஏறாது.

"கூண்டுல ஏறினா என்னதான் நடக்கும்? வரிசையா சொல்லுங்க சார்."

உரிமையியல் வழக்கில் முதல் விசாரணை, அதாவது உங்கள் தரப்புக்காக நீங்கள் சொல்லும் சாட்சியம், பிரமாணப் பத்திரமாகத் தாக்கலாகிவிடும். கூண்டில் ஏறியதும் அது உங்களுடையது என்று உறுதிசெய்து, ஆவணங்களுக்குக் குறியீடு போடுவார்கள். அடுத்தது எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை. அதில் எழும் குழப்பங்களைத் தெளிவாக்க மட்டும் உங்கள் வக்கீலின் மறு விசாரணை; புது விஷயம் நுழைக்க நீதிபதி அனுமதி வேண்டும்.

நீங்கள் சொல்வதை நீதிபதி சுருக்கிச் சொல்ல, தட்டெழுத்தாகும். கேள்வி பெரும்பாலும் பதிவாகாது, பதில் மட்டும் கோவையாக நிற்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுக்கப் படியுங்கள். "லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்" என்று சொன்னது 0.5 என்று விழுந்திருந்தால் அப்போதே பணிவாகச் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.

"'என்று சொன்னால் சரிதானே'ன்னு கேட்டு மடக்குறாங்க. எப்படி பதில் சொல்றது?"

பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது குறுக்கு விசாரணையில் அனுமதிக்கப்பட்ட முறை. ஆத்திரப்பட ஒன்றுமில்லை. வழக்கமாக இப்படிப் போகும்:

"நீங்கள் மே மாதம்தான் மாதிரி எடுத்தீர்கள் என்று சொன்னால் சரிதானே?" சரிதான். "கோடையில் தண்ணீர் வற்றினால் உப்பின் அடர்த்தி கூடும் என்று சொன்னால் சரிதானே?" சரிதான். "ஆகவே நீங்கள் கண்ட உப்பு கோடையின் விளைவுதான் என்று சொன்னால்?" சரியல்ல; அதே நாளில் டேனரிக்கு மேட்டுப்பக்கம் உள்ள கிணற்றிலும் எடுத்தேன், இரண்டுக்கும் கோடை ஒன்றுதான், அதில் இந்த உப்பு இல்லை.

முதல் இரண்டு கேள்விக்கும் தயங்காமல் "சரிதான்" என்றதால்தான் மூன்றாவது "சரியல்ல"வுக்கு எடை வந்தது. உண்மையான விஷயத்தை ஒத்துக்கொள்ள முரண்டு பிடிக்கும் சாட்சியை நீதிபதி கட்சிக்காரர் என்று முடிவுகட்டிவிடுவார். ஒரே கேள்வியில் இரண்டு விஷயம் இருந்தால் "முதல் பகுதி சரி, இரண்டாம் பகுதி சரியல்ல" என்று பிரித்துச் சொல்லுங்கள். கேள்வி புரியவில்லையென்றால் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

"மேட்டுப்பக்கக் கிணறு எதுக்கு? கெட்டுப்போன கெணத்தைக் காட்டினா போதாதா?"

போதாது. சாட்சியச் சட்டத்திலேயே இதற்கு ஓர் அழகான எடுத்துக்காட்டு உண்டு: ஒரு துறைமுகம் தூர்ந்தது கடற்சுவரால்தானா என்பது கேள்வியானால், சுவரே இல்லாத, மற்றபடி ஒரே மாதிரியான துறைமுகங்களும் அதே சமயத்தில் தூர்ந்தன என்பது தொடர்புள்ள பொருண்மை, அதாவது நீதிமன்றம் கணக்கில் எடுக்கத்தக்க செய்தி. பழைய சட்டத்தில் 46ஆம் பிரிவு. டேனரிக் கழிவு எட்டாத உங்கள் மேட்டுப்பக்கக் கிணறு அந்தச் சுவரில்லாத் துறைமுகம். அதில் தண்ணீர் நன்றாக இருந்தால் உங்கள் கருத்து வலுக்கும். அதிலும் உப்பு இருந்தால் அதை மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள். எதிர்த்தரப்பு எப்படியும் அந்தக் கிணற்றுக்குப் போகும்.

"எங்க கெணத்துல குரோமியமே இல்லைன்னு ரிப்போர்ட் வந்துச்சு. கேஸ் அவ்ளோதானா?"

இல்லை. டேனரியில் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது மண்ணில் படிந்து நின்றுவிடும், நிலத்தடி நீரில் அதிகம் ஓடாது. ஓடுவது உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். ஊறவைக்கும் முதல் தண்ணீரிலேயே அத்தனையும் கரைந்து இறங்கும். ஆகவே சோடியம், குளோரைடு, மொத்தக் கரைந்த திடப்பொருள் மூன்றையும் கட்டாயம் சோதியுங்கள். குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500இன்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 2,000 வரை. குரோமியத்துக்கு 0.05, அதற்கு விலக்கே இல்லை.

ஆறு இணைதிறன் குரோமியம் வேறு. அது தண்ணீரோடு ஓடும், உடம்புக்கும் மிகக் கெடுதல். ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைக் குவியலாக விட்டுப்போனது ஊரறிந்தது. அந்தப் பக்கத்துக் கிணற்றில் ஆறு இணைதிறன் வந்தால் டேனரித் தரப்பு "எங்களுடையது மூன்று, இது அந்தக் குவியலுடையது" என்று கைகாட்டும். சில இடத்தில் அது நியாயமாகவும் இருக்கும். மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு மூன்றை ஆறாக மாற்ற முடியும் என்பதும் வேதியியல்தான். ஆனால் இந்த மண்ணில் மாறியது என்று சொல்ல இந்த மண்ணைச் சோதித்திருக்க வேண்டும். முடியும் என்பதை நடந்தது என்று சொல்லிவிட்டால் குறுக்கு விசாரணையில் தப்ப முடியாது.

"சுத்தி நிறைய டேனரி இருக்கு. எந்த டேனரின்னு எப்படி சொல்றது?"

பெரும்பாலும் தனித்தனியாகச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தண்ணீர் மட்டங்களை வைத்து வரைந்து, எந்தத் தொகுப்பிலிருந்து வருகிறது என்பது வரை சொல்லுங்கள். நம் பக்கம் ஆற்று மணலுக்கு அடியில் கடும்பாறை. தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக ஓடுவதால் பக்கத்துக் கிணறு தப்பி, தூரத்துக் கிணறு கெடுவதும் உண்டு. பல தொழில்கள் சேர்ந்து விளைவித்த கேட்டில் பொறுப்பை நியாயமான முறையில் பங்கிட்டுக் கொடுக்கத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இடம்தருகிறது. அந்தப் பங்கீடு நீதிபதியின் வேலை. நிபுணர் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

"தெரியாதுன்னு சொன்னா கேவலமா இருக்காதா சார்?"

தெரியாததைத் தெரியாது என்பதுதான் நிபுணரின் பலம். நீர் வேதியியல்காரரிடம் "இந்தத் தண்ணீரால் தோல் நோய் வருமா" என்று கேட்டால், அது மருத்துவர் சொல்ல வேண்டியது என்று அங்கேயே நிறுத்துங்கள். தன் துறையைத் தாண்டி ஒரு அடி வைத்தாலும் முதல் கேள்வியில் பார்த்த ஆப்பிள் வழக்கின் கதிதான்.

"பீஸ் வாங்கினா விலைபோன சாட்சின்னு சொல்லிடுவாங்களே?"

கேட்பார்கள். "ஆம், என் நேரத்துக்கும் சோதனைக்கும் இவ்வளவு வாங்கினேன், ரசீது இருக்கிறது" என்று சொல்லுங்கள். சம்மன் பெற்று வரும் நிபுணருக்கு நியாயமான ஊதியம் அனுமதிக்கலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 16, விதி 2 சொல்கிறது. இழப்பீட்டில் இத்தனை பங்கு என்று மட்டும் பேசாதீர்கள். கேஸ் ஜெயித்தால்தான் காசு என்றால், அந்த வாயால் சொல்லும் எதற்கும் மதிப்பில்லை.

"நான் முன்னாடி எழுதின கட்டுரையைக் காட்டி, அப்ப ஒண்ணு இப்ப ஒண்ணு சொல்றேன்னு கேட்டா?"

முன்பு எழுதியதை வைத்து முரண்பாடு காட்டலாம். பழைய சட்டத்தில் 145, புதியதில் 148. ஆனால் எந்தப் பகுதி என்று உங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்தை வாங்கி முழுக்கப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். வேறு ஊர், வேறு ஆண்டு, குறைவான கிணறுகள் என்று காரணம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். புதுத் தரவால் கருத்து மாறியிருந்தால், மாறியது என்று சொல்வதில் குறையில்லை.

"அவங்க நிபுணர் எல்லாம் சரின்னு சொல்றார். எங்க வக்கீல் என்ன கேக்கணும்?"

இரண்டு நிபுணர் இரண்டு விதம் சொன்னால், காரணமும் தரவும் யாரிடம் என்று நீதிமன்றம் பார்க்கும். பட்டப்பெயர் நீளத்தை அல்ல. ஆகவே அவரிடம் முடிவைப் பற்றிச் சண்டை போடாமல் வேலையைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். எந்தெந்தக் கிணறு என்று யார் தேர்ந்தெடுத்தார்கள்? மாதிரி எடுத்த அன்று தொழிற்சாலை ஓடியதா? சுத்திகரிப்பு நிலையம் உண்மையில் ஓடியதா என்று அறிய அதன் மின்கட்டண ரசீதுகளைப் பார்த்தாரா? எடுத்துவிட்டு அறிக்கையில் சேர்க்காத மாதிரி ஏதும் உண்டா? கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம்.

தீர்ப்பாயம் அமைத்த குழுவின் அறிக்கை உங்களுக்கு எதிராக வந்தாலும் அப்படியே விட வேண்டியதில்லை. 2023இல் சிங்ரௌலி அனல்மின் நிலைய வழக்கில், குழு அறிக்கையைத் தரப்பினருக்குக் கொடுத்து, மறுத்துச் சொல்ல வாய்ப்பளித்த பிறகே அதை நம்பி உத்தரவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"என் பையனே டேனரியிலதான் வேலை செய்றான். சாட்சி சொன்னா கம்பெனியை மூடிடுவாங்களா?"

ஆம்பூர், வாணியம்பாடியில் பாதி வீட்டில் இந்தக் கேள்வி இருக்கிறது. கேட்பவர் குரல் தாழ்வதை நான் பார்க்கிறேன். இழப்பீட்டு வழக்கில் நீங்கள் கேட்பது கெட்டுப்போன நிலத்துக்கான பணம், சீரமைப்பு. 1996 தீர்ப்பிலேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேரவோ தனியாக அமைக்கவோ அவகாசம் தரப்பட்டது. அதைச் செய்யாதவைக்குத்தான் மூடல். உங்கள் சாட்சியத்தில் கண்டதைச் சொல்லுங்கள். பையன் வேலை செய்கிறான் என்பதை எதிர்த்தரப்பு கேட்டால் மறைக்காதீர்கள். அந்தத் தொழிலில் சோறு தின்கிறவரே தண்ணீர் கெட்டது என்று சொன்னால் அதற்குக் கூடுதல் எடைதான்.

"வழக்கு பத்து இருபது வருஷம் போனா பழைய சாம்பிள் செல்லுமா? சோதிச்சவரே இல்லாமப் போயிட்டா?"

நியாயமான பயம். 1991இல் தொடங்கிய நம் மாவட்ட வழக்கின் இழப்பீட்டுப் பிரச்சினையில் 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பழைய சாம்பிள் அந்த நாளின் நிலைக்குச் சாட்சி. அதை இன்றைய அளவு அழிக்காது. ஆனால் இன்றும் கேடு தொடர்கிறது என்று சொல்ல இன்றைய சாம்பிள் வேண்டும். மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று, அதே கிணறு, அதே முறை.

சோதித்தவர் இறந்துவிட்டால், தன் பணியின் வழக்கத்தில் அவர் எழுதிவைத்த பதிவு பொருண்மையாக ஏற்கப்படும். பழைய சட்டத்தில் 32, புதியதில் 26. அவர் கையெழுத்தை அறிந்த சக ஊழியர் அதை நிரூபிக்கலாம். அதற்குப் பதிவு இருக்க வேண்டும். ஆகவே ஆய்வக அறிக்கையின் ஒரு தாளோடு திரும்பாமல், சோதனைப் பதிவேட்டுப் பக்கம், கருவி அளவீட்டுத் தாள் இரண்டின் சான்றிட்ட நகலையும் அன்றே வாங்கிவிடுங்கள். ஒரு பிரதி வக்கீலிடம், ஒன்று வீட்டுப் பத்திரங்களோடு.